செட் பாயின்ட் 200, ஓடுவது 212
(வாசகர் கேள்வி பதில்)

போன இதழில், டெம்பரேச்சர் கன்ட்ரோலர் (மெஷினின் சூட்டை அளந்து, நாம் வைத்த எண்ணில், அதாவது செட் பாயின்ட்டில், நிறுத்தப் பார்க்கும் கருவி) பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தேன். ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. பாதிப் பேர் கேட்டிருப்பது, எந்தக் கம்பெனி கன்ட்ரோலர் வாங்கலாம் என்று. அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. கோவை கணபதியில் பேனல் சர்வீஸ் கடை நடத்துகிறவன் நான். 'ரிப்பேர்' என்று கழற்றிக் கொண்டுவந்து போட்ட கன்ட்ரோலர்கள் என் கடையில் ஒரு அலமாரி நிறையக் கிடக்கின்றன. அவற்றில் முக்கால்வாசி நன்றாக வேலை செய்கிறவைதான். கெட்டுப்போனது வேறெங்கோ இருந்திருக்கும், கண்ணுக்கு எதிரே எண் காட்டிக்கொண்டிருந்த பாவத்துக்கு இதைக் கழற்றியிருப்பார்கள்.

கேள்வி: பாலிபுரொப்பிலீன் மூடி அடிக்கும் மோல்டிங் மெஷின் வைத்திருக்கிறேன். பாரலுக்கு 200 டிகிரி செட் செய்தால் 212 வரை ஏறுகிறது, அப்புறம் 191 வரை இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. நாள் முழுக்க இதே கதை. கன்ட்ரோலர் போய்விட்டதா? (மோல்டிங் யூனிட் உரிமையாளர், கோவை)

பதில்: போகவில்லை. நீங்கள் சொன்னதை அது அப்படியே செய்கிறது. உங்கள் கன்ட்ரோலர் 'ஆன்-ஆஃப்' முறையில் ஓடுகிறது. 200-க்குக் கீழே இருந்தால் ஹீட்டர் முழுசாக எரியும், 200-ஐத் தொட்டால் முழுசாக அணையும். தொட்ட அந்த நொடியில், பாரலை, அதாவது பிளாஸ்டிக் உருகும் இரும்புக் குழாயை, சுற்றியுள்ள பேண்ட் ஹீட்டர் 200-ல் இருக்காது, அதைவிட நிறையச் சூட்டில் இருக்கும். அந்தச் சூடு பாரலின் கனத்த இரும்பைக் கடந்து சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளின் நுனிக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். ஹீட்டரை அணைத்த பிறகும் வழியில் இருக்கும் சூடு வந்துகொண்டேதான் இருக்கும். அதுதான் உங்கள் 212. இறங்கும்போதும் இதே தாமதம்தான். கன்ட்ரோலர் ஹீட்டரைப் போட்டுவிட்டது, ஆனால் சூடு வந்து சேருவதற்குள் 191 ஆகிவிட்டது.

பி.ஐ.டி. முறைக்கு மாற்றுங்கள். உங்களிடம் இருக்கும் கன்ட்ரோலரிலேயே அது இருக்கும். பல மாடல்களில் 'பி' என்ற எண்ணை 0 என்று வைத்தால் ஆன்-ஆஃப், வேறு எண் வைத்தால் பி.ஐ.டி. யாரோ ஒருவர் என்றைக்கோ 0 வைத்துவிட்டுப் போயிருப்பார்.

இந்த மூன்று எழுத்தும் என்ன செய்கின்றன என்று உங்கள் பாரலை வைத்தே சொல்கிறேன். 'பி' 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 180 வரை ஹீட்டர் முழுப் பலத்தில் எரியும். 190-ல் பாதிப் பலம். 200-ல் ஒன்றுமில்லை. பாதிப் பலம் என்றால் வோல்டேஜைக் குறைப்பதாக நினைத்துவிடாதீர்கள். 20 விநாடி ஒரு சுற்று என்றால் அதில் 10 விநாடி போடும், 10 விநாடி அணைக்கும், அவ்வளவுதான். இது நல்ல ஏற்பாடுதான், ஆனால் 'பி' மட்டும் இருந்தால் பாரல் 200-க்கு வந்து சேராது. காற்றில் இழக்கும் சூட்டை ஈடுகட்ட உங்கள் பாரலுக்கு 30 சதவீதப் பலம் வேண்டும் என்றால், 'பி' அந்த 30 சதவீதத்தைக் கொடுப்பது 194-ல்தான். அங்கேயே நின்றுவிடும்.

'ஐ' அந்த 6 டிகிரிக் குறையைக் கவனிக்கும். குறை எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அவ்வளவுக்குப் பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகும், குறை தீரும்வரை. 'டி' ஏறும் வேகத்தைப் பார்க்கும். எண் விறுவிறுவென்று ஏறினால், 200-ஐத் தொடுவதற்கு முன்பே பலத்தைக் குறைக்கச் சொல்லும்.

இந்த மூன்று எண்ணையும் நீங்கள் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டாம். 'ஆட்டோ டியூன்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டால், கன்ட்ரோலர் வேண்டுமென்றே ஹீட்டரை முழுசாகப் போட்டு, முழுசாக அணைத்து, பாரல் எவ்வளவு ஆடுகிறது, ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று அளந்து, எண்களைத் தானே எழுதிக்கொள்ளும். வேலை செய்யும் சூட்டை ஒட்டியே இதைச் செய்யுங்கள். 80 டிகிரியில் செய்துவிட்டு 200-ல் ஓட்டினால் எண்கள் பொருந்தாது. டியூன் நடக்கும்போது சூடு செட் பாயின்ட்டைத் தாண்டும் என்பதையும் மறக்காதீர்கள். உங்கள் பாலிபுரொப்பிலீன் அதைத் தாங்கும். பி.வி.சி. ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் குறைத்து வைத்துச் செய்யட்டும், இல்லையென்றால் பாரலுக்குள் கருகிவிடும்.

இதெல்லாம் செய்யும் முன் ஒரு வேலை. தெர்மோகப்பிளின் நுனி குழியின் அடியில் இரும்பைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங் தளர்ந்து இரண்டு மில்லிமீட்டர் மேலே நின்றாலும், அது பார்ப்பது இரும்பை அல்ல, நடுவிலுள்ள காற்றை. எந்தப் பி.ஐ.டி.யும் அதற்கு மருந்தாகாது.

கேள்வி: பக்கத்துக் கம்பெனியில் இதே மெஷின், இதே கன்ட்ரோலர். அவர்களுடைய பி.ஐ.டி. எண்களை அப்படியே காப்பி அடிக்கலாமா? (ஃபிட்டர், பல்லடம்)

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடி உங்களுக்கும் பொருந்தினால் இதுவும் பொருந்தும்.

கேள்வி: கன்ட்ரோலரை பி.ஐ.டி.க்கு மாற்றியதிலிருந்து கான்டாக்டர் அடிக்கடி எரிகிறது. சைக்கிள் டைம் 2 விநாடி. (பராமரிப்பு மேற்பார்வையாளர், ஈரோடு)

பதில்: கன்ட்ரோலர் சொல்லும்போதெல்லாம் ஹீட்டருக்குக் கரன்ட்டைப் போட்டு அணைக்கும் காந்த சுவிட்ச்தான் கான்டாக்டர். 2 விநாடிக்கு ஒரு தடவை என்றால் மணிக்கு 1,800 தடவை, நாளைக்கு 43,200 தடவை அந்தக் கான்டாக்டர் அடிக்கிறது. 10 லட்சம் தடவை தாங்கும் கான்டாக்டர் என்றாலும் ஒரு மாதம் ஓடாது. கான்டாக்டர் வைத்தால் 20, 30 விநாடி. 2 விநாடிதான் வேண்டும் என்றால் எஸ்.எஸ்.ஆர். (அசையும் பாகம் இல்லாத எலெக்ட்ரானிக் சுவிட்ச்) வையுங்கள். வைப்பதற்கு முன் கீழே பவுடர் கோட்டிங்காரருக்குச் சொல்லியிருப்பதையும் படித்துவிடுங்கள்.

கேள்வி: ஏனுங்க, எங்க சாயம் போடற சாஃப்ட் ஃப்ளோ மெஷின்ல 60 டிகிரி செட் பண்ணினா 66 வரைக்கும் போகுது. கன்ட்ரோலர் அவுட்புட் 0-ன்னுதான் காட்டுது. ஒவ்வொரு லாட்டும் ஒவ்வொரு ஷேடா வருது. மாஸ்டர் என்னைத் திட்டறார், நான் கன்ட்ரோலரைத் திட்டறேன். (டையிங் யூனிட் ஆபரேட்டர், திருப்பூர்)

பதில்: இனி வால்வைத் திட்டுங்கள். அவுட்புட் 0 என்றால் நீராவி வால்வு மூடியிருக்க வேண்டும். மூடியும் சூடு ஏறுகிறதென்றால், வால்வு முழுசாக மூடவில்லை. சீட் தேய்ந்து நீராவி கசிகிறது. 4 பார் நீராவி 150 டிகிரிக்கு மேல் இருக்கும். 60 டிகிரித் தொட்டிக்கு அது கொஞ்சம் கசிந்தாலே போதும்.

சோதிப்பது சுலபம். கன்ட்ரோலரை மேனுவலில் போட்டு அவுட்புட்டை 0 ஆக்குங்கள். வால்வுக்கு முன்னால் இருக்கும் கைவால்வையும் மூடுங்கள். ஏறுவது நின்றுவிட்டதா? அப்படியென்றால் குற்றவாளி ஆட்டோமேட்டிக் வால்வுதான். நிற்காவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள், கதை வேறு.

இதில் இன்னொரு கூத்தும் நடக்கும். 66 போனதைப் பார்த்ததும் கன்ட்ரோலர் குளிர்ந்த தண்ணீர் வால்வைத் திறக்கும். ஒரு பக்கம் நீராவி கசிந்து சூடாக்க, இன்னொரு பக்கம் தண்ணீர் ஓடிக் குளிர்விக்க, நடுவில் உங்கள் துணி ஏறி இறங்கி ஏறி இறங்கி வேகும். ரியாக்டிவ் சாயம் துணியில் பிடிப்பது சூட்டையும் நேரத்தையும் பொறுத்தது. ஷேடு மாறாமல் எப்படி இருக்கும்? பாய்லரில் விறகு வீணாவது தனிக் கணக்கு.

வால்வைக் கழற்றும்போது இதையும் பார்த்துவிடுங்கள்: காற்றழுத்தம் போனால் நீராவி வால்வு தானாக மூட வேண்டும். சில இடங்களில் மாற்று வால்வு போடும்போது நேரெதிராகத் திறக்கும் வகையைப் போட்டுவிடுகிறார்கள். கம்ப்ரசர் நின்ற அன்றைக்குத்தான் அது தெரியவரும்.

கேள்வி: எக்ஸ்ட்ரூடரின் மூன்றாவது ஜோனில் ஹீட்டர் எரியவே இல்லை. கிளாம்ப் மீட்டரில் பார்த்துவிட்டேன், கரன்ட் இல்லை. ஆனால் சூடு செட் பாயின்ட்டைத் தாண்டி 15 டிகிரி நிற்கிறது. இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? (பைப் தயாரிப்பாளர், மதுரை)

பதில்: உங்கள் மெயின் மோட்டாரிலிருந்து வருகிறது. ஸ்குரூ பிளாஸ்டிக்கை நசுக்கி அரைத்துத் தள்ளும்போது, மோட்டார் கொடுக்கும் சக்தியில் பெரும்பகுதி சூடாக மாறி பிளாஸ்டிக்குக்குள்ளேயே பிறக்கிறது. வேகம் கூடினால் அதுவும் கூடும். நன்றாக ஓடும் எக்ஸ்ட்ரூடரில் சில ஜோன்களுக்கு, தொடக்கத்தில் தவிர, ஹீட்டரே தேவைப்படாது. அங்கே குளிர்விப்பதுதான் வேலை.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்த ஜோனில் புளோயர் இருக்கிறது, ஆனால் கன்ட்ரோலரோடு இணைக்கவில்லை என்று தோன்றுகிறது. இரண்டு அவுட்புட் உள்ள, ஹீட்-கூல் வகைக் கன்ட்ரோலர் வேண்டும். ஒன்று ஹீட்டருக்கு, மற்றொன்று புளோயருக்கு. ஆரம்பத்தில், 'கன்ட்ரோலரை மாற்றாதீர்கள்' என்ற தொனியில் எழுதியவன் இங்கே மாற்றச் சொல்கிறேன். வேறு வழியில்லை. ஒரு கையால் மட்டும் வேலை செய்யும் கருவியிடம் இரண்டு கை வேலையைக் கொடுத்திருக்கிறார்கள்.

மாற்றிய பிறகு இரண்டு எண்ணைக் கவனியுங்கள். முதலாவது 'டெட் பேண்ட்', அதாவது ஹீட்டர் நின்று புளோயர் தொடங்கும் இடைவெளி. அதை 0 வைத்தால், ஹீட்டர் சூடாக்கியதை புளோயர் குளிர்விக்கும், புளோயர் குளிர்வித்ததை ஹீட்டர் சூடாக்கும். சூடு கோடு போட்டதுபோல் நேராகத்தான் நிற்கும். கரன்ட் பில் வரும்போது தெரியும். 2, 3 டிகிரி இடைவெளி விடுங்கள். இரண்டாவது, குளிர்விக்கும் பக்கத்துக்குத் தனியாக இருக்கும் 'பி'. ஹீட்டரின் பலமும் புளோயரின் பலமும் ஒன்றல்ல. இரண்டுக்கும் ஒரே எண் வைத்தால் ஒரு பக்கம் சோம்பும், மறுபக்கம் துள்ளும். பாரலைத் தண்ணீரால் குளிர்விக்கும் மெஷின் என்றால் இன்னும் கவனம் தேவை. 200 டிகிரி இரும்பில் பட்ட தண்ணீர் குப்பென்று ஆவியாகிச் சூட்டை மொத்தமாக உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அங்கே தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பால் குளிர்விப்பு மையத்தில் 4 டிகிரி செட் செய்திருக்கிறோம். கம்ப்ரசர் ஒரு நிமிடம் ஓடுகிறது, ஒரு நிமிடம் நிற்கிறது. மோட்டார் ஒருமுறை எரிந்தும்விட்டது. (மையப் பொறுப்பாளர், நாமக்கல் மாவட்டம்)

பதில்: மேலே எல்லோரிடமும் பி.ஐ.டி. புராணம் பாடினேன். உங்களிடம் ஆன்-ஆஃப்தான் வேண்டும் என்கிறேன். ஹீட்டரை விநாடிக்கு ஒருமுறை போட்டு அணைக்கலாம், அதற்கு வலிக்காது. கம்ப்ரசர் அப்படியல்ல. நின்றவுடன் ஒரு பக்கம் அழுத்தம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும். அது சமமாக இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் மறுபடி போட்டால் மோட்டார் அந்த அழுத்தத்தை எதிர்த்துக் கிளம்பத் திணறும், கரன்ட் எகிறும், சுருள் எரியும்.

கன்ட்ரோலரில் 'டிஃபரன்ஷியல்', அதாவது நின்ற கம்ப்ரசர் மறுபடி ஓட எத்தனை டிகிரி ஏற வேண்டும் என்ற எண், எவ்வளவு என்று பாருங்கள். அரை டிகிரிக்கும் கீழே யாரோ வைத்திருப்பார்கள். ஒன்றரை, இரண்டு டிகிரி வையுங்கள். அதோடு 'கம்ப்ரசர் டிலே' என்ற இடத்தில் குறைந்தது 3 நிமிடம் கொடுங்கள்.

பாலைக் கலக்கும் மோட்டார் ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். குளிர்விக்கும் தட்டு தொட்டியின் அடியில் இருக்கிறது. கலக்காவிட்டால் அடிப்பால் உறையப் பார்க்கும், மேல்பால் சூடாகவே இருக்கும், நடுவிலிருக்கும் சென்சார் இரண்டையும் அறியாமல் ஏதோ ஒரு எண் காட்டும்.

கேள்வி: சார், நான் பாலிடெக்னிக் மாணவி. பயிற்சிக்குப் போன இடத்தில் ஃபர்னஸ் தெர்மோகப்பிளை மாற்றினோம். சூடு ஏற ஏற கன்ட்ரோலரில் எண் குறைகிறது. சிவப்பு ஒயரைப் பிளஸில்தான் கொடுத்தேன். (சேலம்)

பதில்: அதுதான் வினை, தங்கச்சி. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் சிவப்பு என்றால் பிளஸ் என்று பழகியிருப்பாய். அமெரிக்க நிற முறையில் வரும் தெர்மோகப்பிள் ஒயரில் சிவப்புதான் மைனஸ். ஐ.இ.சி. என்ற சர்வதேசத் தர முறையில் வெள்ளை மைனஸ், பிளஸ் பக்கம் 'கே' வகைக்குப் பச்சை, 'ஜே' வகைக்குக் கறுப்பு. சந்தையில் இரண்டும் கலந்து கிடைக்கும்.

உடனே நிறுத்தியிருப்பாய் என்று நம்புகிறேன். எண் குறைந்தால், கன்ட்ரோலர் 'குளிர்ந்துவிட்டது' என்று நினைத்து முழுப் பலத்தில் ஹீட்டரைப் போடும். எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவுக்கு இன்னும் போடும்.

நிறத்தை நம்பாமல் சோதிக்க ஒரு சின்னக் காந்தம் சட்டைப்பையில் வைத்துக்கொள். 'ஜே' வகையில் ஒரு கம்பி இரும்பு. காந்தம் ஒட்டும் அந்தக் கம்பி பிளஸ். 'கே' வகையில் நேரெதிர், காந்தம் ஒட்டும் கம்பி மைனஸ்.

வகையையும் கன்ட்ரோலரில் சரியாகச் சொல்ல வேண்டும். 'கே' தெர்மோகப்பிளை மாட்டிவிட்டு கன்ட்ரோலரில் 'ஜே' என்று வைத்தால், பேனல் 30 டிகிரியில் இருக்கும்போது, 200 என்று காட்டும் இடத்தில் உண்மையில் 257-ஐ ஒட்டி இருக்கும். மாற்றி, 'ஜே'-ஐ மாட்டி 'கே' என்று வைத்தால் 200 காட்டும்போது உள்ளே 160-கூட இருக்காது. இரண்டிலும் எண் அமைதியாக நிற்கும், எந்த அலாரமும் அடிக்காது.

அப்புறம், ஒயர் நீளம் போதவில்லை என்று சாதாரணச் செம்புக் கம்பியை ஒட்டுப்போடாதே. ஃபர்னஸ் ஓரத்தில் ஒட்டு இருக்கும் இடம் 60 டிகிரி, பேனல் 35 டிகிரி என்றால், அந்த வித்தியாசமான 25 டிகிரி கணக்கில் வராமல் போய்விடும். அந்தந்த வகைக்குரிய காம்பன்சேட்டிங் கேபிள்தான் போட வேண்டும்.

கேள்வி: பவுடர் கோட்டிங் ஓவன். 190 செட். ஒருநாள் 260 போய்விட்டது. கன்ட்ரோலரில் அவுட்புட் விளக்கு எரியவில்லை, டிஸ்ப்ளேயிலும் 260 என்றே சரியாகக் காட்டியது. பிறகு ஏன்? (அம்பத்தூர்)

பதில்: உங்கள் எஸ்.எஸ்.ஆர். செத்துவிட்டது. கான்டாக்டர் கெட்டால் பெரும்பாலும் சேராமல் போகும். எஸ்.எஸ்.ஆர். கெட்டால் பெரும்பாலும் சேர்ந்தபடியே ஒட்டிக்கொள்ளும். கன்ட்ரோலர் 'அணை' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, கேட்க ஆளில்லை.

அது ஏன் செத்தது என்றால், வெந்து செத்திருக்கும். ஓடும் ஒவ்வோர் ஆம்பியருக்கும் ஏறக்குறைய 1 வாட் சூடு அதற்குள் உண்டாகிறது. 40 ஆம்பியர் என்றால் 40 வாட். மூடிய பேனலுக்குள், சித்திரை வெயிலில், தூசி அடைத்த ஹீட் சிங்க்கில் (சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தட்டில்) உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? பெரிய ஹீட் சிங்க் போடுங்கள், பேனலில் ஃபேன் வையுங்கள், 40 ஆம்பியர் வேலைக்கு 40 ஆம்பியர் எஸ்.எஸ்.ஆர். வாங்காதீர்கள்.

புதியதும் ஒருநாள் சாகும். அதனால் ஹை லிமிட் கன்ட்ரோலர் ஒன்று தனியாக வேண்டும். அதற்குத் தனித் தெர்மோகப்பிள், எஸ்.எஸ்.ஆருக்கு முன்னால் ஒரு கான்டாக்டர். 220 தாண்டினால் அந்தக் கான்டாக்டர் விழுந்து, ஆள் வந்து பட்டனை அழுத்தும்வரை எழும்பக் கூடாது. இருக்கிற கன்ட்ரோலரின் அலாரத்தையே இதற்குப் பயன்படுத்தலாமே என்று ஒருவர் வாதம் செய்வார். அந்த ஒரே தெர்மோகப்பிள் குழியிலிருந்து நழுவி வெளியே விழுந்தால் இரண்டும் சேர்ந்து ஏமாறும் என்று அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: சாயங்காலம் ஆனால் பேக்கரி ஓவன் சூடு ஏற மாட்டேன் என்கிறது. காலையில் பிரச்சினை இல்லை. (பொள்ளாச்சி)

பதில்: சாயங்காலம் வோல்டேஜைப் பாருங்கள். 230 வோல்ட் 200 ஆகக் குறைந்தால் ஹீட்டரின் பலம் கால்பங்கு போய்விடும். 3 கிலோவாட் ஹீட்டர் 2.27 கிலோவாட்தான் கொடுக்கும். கன்ட்ரோலர் 100 சதவீதம் என்று காட்டிக்கொண்டு நிற்கும், அதற்கு மேல் அதனிடம் ஒன்றுமில்லை.

கேள்வி: பி.ஐ.டி.யைக் கண்டுபிடித்தது யார்? (மாணவர், திருச்சி)

பதில்: ஒருவர் என்று சொல்ல முடியாது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்னலிஸ் ட்ரெபல் என்ற டச்சுக்காரர், முட்டை பொரிக்கும் பெட்டியின் சூட்டைத் தானாகவே சீராக வைக்கும் அடுப்பு செய்தார். சூட்டில் விரியும் திரவம் அடுப்பின் காற்று வழியை மூடித் திறக்கும். அது கன்ட்ரோலரின் கொள்ளுப்பாட்டன். பி.ஐ.டி.யின் கணக்கை எழுதிவைத்தது நிக்கோலஸ் மினோர்ஸ்கி, 1922-ல். அது சூட்டுக்காக அல்ல, கப்பலின் சுக்கானைத் தானாகத் திருப்புவதற்காக. 1942-ல் சீக்லர், நிக்கோல்ஸ் என்ற இருவர், மெஷினை ஆட்டிப் பார்த்து எண்களைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொன்னார்கள். 1984-ல் சுவீடனின் ஆஸ்ட்ரோம், ஹேக்லண்ட் இருவரும் அந்த ஆட்டத்தைக் கருவியே பாதுகாப்பாகச் செய்துகொள்ளும் முறையைக் கொடுத்தார்கள். கோவை மோல்டிங்காரரை அழுத்தச் சொன்ன ஆட்டோ டியூன் பட்டனுக்குள் இருப்பது பெரும்பாலும் அந்த யோசனைதான்.

கேள்வி: குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலை. டிரையரின் சென்சாரைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் வைத்தோம். 94 காட்டியது. 6 டிகிரி குறைகிறதே என்று கன்ட்ரோலரின் ஆஃப்செட்டில் 6 கூட்டிவிட்டோம். அதற்குப் பிறகு தூள் சரியாகக் காயவில்லை. ஈரம் நிற்கிறது என்று டீ மேக்கர் சொல்கிறார். (தொழிற்சாலை எலெக்ட்ரீஷியன்)

பதில்: உங்கள் சென்சார் நல்ல சென்சார். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். இங்கே கோவையில்கூட 100 வராது, 98 சொச்சம்தான். நீங்கள் 6 கூட்டியதால் டிரையர் காற்று உண்மையில் 94-ல் இருக்கும்போது கன்ட்ரோலர் 100 என்று நினைத்து ஹீட்டரைக் குறைத்துவிடுகிறது. தூள் எப்படிக் காயும்?

மலையில் சோதிக்க வேண்டுமென்றால் ஐஸை நன்றாக உடைத்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, நடுவில் சென்சாரை வையுங்கள். எந்த உயரத்திலும் அது 0 காட்ட வேண்டும். அரை டிகிரி இப்படி அப்படி இருந்தால் பரவாயில்லை. முதலில் அந்த 6-ஐ அழித்துவிட்டு 0 என்று வையுங்கள், இன்றைய லாட் போடும் முன்பே.